பேய்க்குக் காவலிருந்தவர்கள்



1937ஆம் ஆண்டு மே 25ஆம் தேதி லண்டன் ‘டைம்ஸ்’ நாளிதழில் ஒரு சிறு விளம்பரம் வந்தது. பேய் வீடு என்று சொல்லப்படும் ஒரு வீட்டில், ஓராண்டுக் காலம் இரவும் பகலும் முறைவைத்துக் காவலிருக்க ஆட்கள் வேண்டும். அவர்களுக்கு ஓய்வு நேரம் இருக்க வேண்டும், அறிவும் துணிவும் இருக்க வேண்டும். எதையும் துருவிப் பார்ப்பவர்களாக, எந்தப் பக்கமும் சாயாதவர்களாக இருக்க வேண்டும். எளிய கருவிகளைக் கையாளத் தெரிந்தால் நல்லது. வீடு ஒதுக்குப்புறமான சிற்றூரில் இருப்பதால் சொந்தக் கார் கட்டாயம். இவ்வளவு நிபந்தனைகள் இருந்தும் இருநூறுக்கு மேற்பட்டோர் எழுதிப்போட்டார்கள். அவர்களில் 48 பேர் தேர்வானார்கள்.

விளம்பரம் கொடுத்தவர் ஹாரி பிரைஸ். ஆவிகளோடு பேசுவதாகச் சொன்னவர்கள் பலரைச் சோதித்து, சிலருடைய தில்லுமுல்லை வெளிப்படுத்தியவர். மேடை வித்தைகளின் சூட்சுமமும் அவருக்கு நன்றாகத் தெரியும். முந்தைய ஆண்டு, 1936 மார்ச் 10 அன்று, கென்ட் பகுதியில் உள்ள மெப்பம் என்ற ஊரின் பழைய வீட்டிலிருந்து பி.பி.சி. வானொலியில் ‘பேய் வேட்டை’யை நேரடியாக ஒலிபரப்பியவரும் இவர்தான். வானொலிக்கும் பேய்க்கும் உள்ள உறவு அவ்வளவு பழையது.

விளம்பரத்தில் பெயர் சொல்லப்படாத அந்த வீடு, இங்கிலாந்தின் எசெக்ஸ் மாவட்டத்தில், போர்லி என்ற சிற்றூரில் இருந்த பாதிரியார் இல்லம். 1860களின் தொடக்கத்தில் ஹென்றி புல் என்ற பாதிரியார், தம் பெரிய குடும்பத்துக்காகக் கட்டிய செங்கல் வீடு. பிள்ளைகள் பெருகப் பெருக வீடும் நீண்டு, நடுவே முற்றத்தை வளைத்துக்கொண்டு நின்றது. அந்தத் தோட்டத்தில் ஒரு கன்னியாஸ்திரியின் ஆவி உலாவுவதாக ஒரு கதை. ஒரு துறவியைக் காதலித்து, அதற்காகக் கொல்லப்பட்டவளாம். 1900ஆம் ஆண்டு ஜூலை 28 அன்று, அந்தி மயங்கும் நேரத்தில், புல் வீட்டுச் சகோதரிகள் நால்வர் அவளைப் பார்த்ததாகச் சொன்னார்கள். கதையில் வரும் துறவியின் மடம் அங்கே இருந்ததற்கு வரலாற்றில் சான்று எதுவும் இல்லை.

1928இல் இந்தியாவிலிருந்து சென்ற ஸ்மித் என்ற பாதிரியார் மனைவியோடு அங்கே குடியேறினார். ஊரார் சொன்ன பேய்க் கதைகள் தாங்காமல், யாராவது ஆராய்ச்சியாளரைக் காட்டுங்கள் என்று ‘டெய்லி மிரர்’ பத்திரிகைக்கு எழுதினார். பத்திரிகை முதலில் தன் நிருபரை அனுப்பியது. பின்னாலேயே, 1929 ஜூன் 12 அன்று, பிரைஸ் வந்து சேர்ந்தார். அவர் வந்த அன்றே கற்கள் பறந்தன, பூச்சாடி விழுந்து உடைந்தது. அவர் கிளம்பியதும் அவை அடங்கிவிட்டன. திருமதி ஸ்மித் இதைப் பிற்காலத்தில் நினைவுகூர்ந்தபோது, தமக்கு அப்போதே அவர்மேல் சந்தேகம் இருந்தது என்றார்.

அடுத்து வந்த ஃபாய்ஸ்டர் தம்பதியர் ஐந்தாண்டுகள் இருந்தார்கள். மணிகள் தாமாக ஒலித்தன, பொருள்கள் வீசப்பட்டன, சுவரில் பென்சில் எழுத்துகள் தோன்றின என்று அவர்கள் காலத்துக் கதைகள் ஏராளம். அவர்களும் போனபின் காலியாகக் கிடந்த வீட்டைத்தான் பிரைஸ் 1937 மே மாதம் ஓராண்டுக்கு வாடகைக்கு எடுத்தார்.

அந்த 48 பேரில் நீங்களும் ஒருவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் முறை வருகிறது. காரை ஓட்டிக்கொண்டு போர்லிக்குப் போகிறீர்கள். மின்விளக்கு கிடையாது. அறைகளில் மேசை நாற்காலி கிடையாது. பழைய நூலக அறை ஒன்றில் மட்டும் மடக்குக் கட்டிலும் சில தட்டுமுட்டுச் சாமான்களும். அதுதான் உங்கள் முகாம். வெளிச்சம் இருக்கும்போதே வீடு முழுக்கச் சோதிக்கிறீர்கள். கதவு சன்னல்களைச் சாத்துகிறீர்கள். தேவைப்பட்டால் முத்திரை வைக்கிறீர்கள். அங்கங்கே வைத்த சிறு பொருள்களைச் சுற்றிச் சாக்கட்டியால் கோடு போடுகிறீர்கள். பொருள் நகர்ந்தால் கோடு காட்டிக்கொடுத்துவிடும். சுவரில் உள்ள கிறுக்கல்களைச் சுற்றி வட்டமிட்டுத் தேதி எழுதுகிறீர்கள். புதிதாக ஒன்று முளைத்தால் தெரிந்துவிடும். பொழுது சாயும்போது தோட்டத்துக் குடிலில் உட்கார்ந்து, கன்னியாஸ்திரி நடப்பதாகச் சொல்லப்படும் பாதையைப் பார்த்திருக்க வேண்டும். பிறகு மணிக்கொரு முறை எல்லா அறைகளையும் சுற்றி வர வேண்டும். இடையிடையே விளக்கை அணைத்துவிட்டு இருட்டில் அசையாமல் காத்திருக்க வேண்டும்.

பிரைஸ் தம்முடன் கொண்டுபோகும் பெட்டியும் பிரசித்தம். ஓசை எழாமல் நடக்க மெத்தென்ற ஃபெல்ட் மேற்காலணி, அளவு நாடா, ஈய முத்திரைகள், கேமரா, கைரேகை எடுக்கக் கிராஃபைட் தூள், தரையின் அதிர்வைக் காட்ட ஒரு கிண்ணம் பாதரசம், யாராவது மயங்கி விழுந்தால் கொடுக்க ஒரு குப்பி பிராந்தி. பேயைத் தேடப் போகிறவரின் மூட்டையில் மந்திரக் கயிறு இல்லை, அளவு நாடா இருக்கிறது. அந்தக் காலத்துக்கு அது பெரிய மாற்றம்தான்.

ஓராண்டு முடிந்தபோது கிடைத்தது என்ன? பெரும்பாலோர் எதையும் காணவில்லை. சிலர் தட்டும் ஓசை கேட்டதாக எழுதினார்கள். சிலர் ஏதோ ஒரு பொருள் கொஞ்சம் நகர்ந்திருந்ததாகவும், சுவரில் புதிய கிறுக்கல் தென்பட்டதாகவும் எழுதினார்கள். இவ்வளவுதான். ஆனால் 1940இல் பிரைஸ் வெளியிட்ட புத்தகத்தின் தலைப்பு, இங்கிலாந்திலேயே அதிகமாகப் பேய் நடமாடும் வீடு இதுதான் என்று சொல்லியது.

இந்த ஆய்வின் ஓட்டை எங்கே இருக்கிறது? காவலிருக்க வந்த ஒவ்வொருவர் கையிலும் பிரைஸ் ஒரு நீல நிறக் கையேட்டைக் கொடுத்தார். என்ன செய்ய வேண்டும் என்பதோடு, இந்த வீட்டில் என்னென்ன நிகழக்கூடும் என்றும் அதில் அச்சிட்டிருந்தது. மணி ஒலிக்கலாம், பொருள் நகரலாம், காலடி கேட்கலாம், வாசனை வரலாம், வெளிச்சம் தெரியலாம், உருவம் தோன்றலாம். பார்க்கப் போகிறவரிடம் இன்னதைப் பார்ப்பாய் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டால், அதற்குப் பிறகு அவரை எப்படிச் சாட்சி என்று கொள்வது?

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். அந்தப் பழமொழி பாதிதான் சரி. போர்லிக்குப் போனவர்கள் அரண்டவர்கள் அல்லர். அஞ்சாதவர்கள் என்று பொறுக்கி எடுக்கப்பட்டவர்கள். பேயைக் காண அச்சம் வேண்டியதில்லை, எதிர்பார்ப்பு போதும்.

இதைச் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். 1997இல் ரென்சே லாங்கே, ஜேம்ஸ் ஹூரன் என்ற ஆய்வாளர்கள், பயன்பாட்டில் இல்லாத ஒரு நாடக அரங்கைச் சுற்றிப் பார்க்க 22 பேரை அனுப்பினார்கள். ஒரு பாதிப் பேரிடம் இங்கே பேய் நடமாட்டம் உண்டு என்றார்கள். மறுபாதியிடம், கட்டடத்தைப் புதுப்பிக்கிறார்கள், பார்த்துவிட்டு வாருங்கள் என்றார்கள். ஒரே அரங்கு, ஒரே அறைகள். பேய் என்று கேட்டுவிட்டுப் போனவர்களுக்குத்தான் விசித்திர அனுபவங்கள் மிகுதியாக வந்தன.

இன்னொரு ஓட்டை, கணக்கில் இருக்கிறது. போர்லியை ஆராய்ந்த குழுவைச் சேர்ந்த ஒருவர், ஆவி எழுதும் பலகையை வைத்து அமர்ந்தபோது, இன்று இரவே வீடு எரியும் என்று செய்தி வந்தது. அது 1938 மார்ச் 27. அன்று எதுவும் எரியவில்லை. பதினொரு மாதம் கழித்து, 1939 பிப்ரவரி 27 அன்று வீடு தீப்பற்றியது. எண்ணெய் விளக்கு சாய்ந்துவிட்டது என்றார் புதிய உரிமையாளர். காப்பீட்டு நிறுவனம் அதை நம்பவில்லை. ஆனால் பேய்க் கதை சொல்பவர்கள் ஆவியின் வாக்கு பலித்துவிட்டது என்றார்கள். இன்று இரவு என்ற சொல்லை மட்டும் வசதியாக மறந்துவிட்டார்கள்.

பிரைஸ் 1948இல் காலமானார். அதன் பிறகு, 1929இல் அங்கே போயிருந்த ‘டெய்லி மெயில்’ நிருபர் சார்லஸ் சட்டன் ஒரு குற்றச்சாட்டை வெளியிட்டார். தம் தலையில் ஒரு கூழாங்கல் வந்து விழுந்ததும் பிரைஸைப் பிடித்துப் பார்த்ததாகவும், அவர் சட்டைப்பை நிறையக் கற்கள் இருந்ததாகவும் சொன்னார். 1956இல் அமானுட நிகழ்வுகளை ஆராயும் சங்கத்தைச் சேர்ந்த டிங்வால், கோல்ட்னி, ஹால் ஆகிய மூவரும் எல்லா ஆவணங்களையும் அலசி ஒரு நூல் எழுதினார்கள். எலிகளின் ஓட்டம், அந்த வளைந்த கட்டடத்தில் ஒலி எதிரொலிக்கும் விதம், மனிதக் குறும்பு என்று பலவற்றை விளக்கினார்கள். பிரைஸே சிலவற்றைச் செய்திருக்கலாம் என்றும் சந்தேகப்பட்டார்கள். 1969இல் ராபர்ட் ஹேஸ்டிங்ஸ் என்பவர் பிரைஸுக்காக வாதாடி மறுப்பும் எழுதினார். வீடு 1944இலேயே இடிக்கப்பட்டுவிட்டது. வழக்கு மட்டும் நடந்துகொண்டே இருக்கிறது.

இப்படிச் சொல்வதால், ஏதோ உணர்ந்தேன் என்று சொல்பவர்கள் எல்லோரும் பொய்யர்கள் என்று எண்ணிவிடக் கூடாது. 1921இல் அமெரிக்கக் கண் மருத்துவ இதழ் ஒன்றில் வில்லியம் வில்மர் ஒரு குடும்பத்தின் அனுபவத்தை எழுதினார். காலடி ஓசை, உருவங்கள், நெஞ்சை அழுத்தும் பாரம். வீட்டைச் சூடேற்றும் உலை பழுதாகி, கார்பன் மோனாக்ஸைடு வீட்டுக்குள் பரவிக்கொண்டிருந்தது. அவர்கள் உணர்ந்தது உண்மை, காரணம்தான் வேறு. பேய் என்று சொல்லி விட்டிருந்தால் உயிருக்கே ஆபத்தாக முடிந்திருக்கும். 1998இல் விக் டேண்டி என்ற பொறியாளர், தம் ஆய்வுக்கூடத்தில் கண்ட சாம்பல் நிற உருவத்துக்குக் காரணம், புதிதாக மாட்டிய காற்றாடி எழுப்பிய, காதுக்குக் கேட்காத தாழ்ந்த அதிர்வே என்று எழுதினார். எல்லா வீட்டுக்கும் இதுவே விடை ஆகாது. ஆனால் தேடினால் விடை கிடைக்கும் என்பதற்கு இவை சாட்சி.

இன்று பேய் ஆய்வு பல நாடுகளில் கட்டணம் கட்டிப் போகும் பொழுதுபோக்காகிவிட்டது. மின்காந்த அளவியைக் கையில் கொடுக்கிறார்கள். பக்கத்தில் இருப்பவரின் செல்பேசிக்கே அதன் விளக்கு மின்னும். ‘ஆவிப் பெட்டி’ என்று ஒன்று இருக்கிறது. அது வானொலி நிலையங்களை வேகமாக வருடிக்கொண்டே போகும் பெட்டி. அதிலிருந்து ஆவி பேசுவதாகக் கேட்டால், அது பெரும்பாலும் ஏதோ ஒரு வானொலி அறிவிப்பாளரின் அரைச் சொல்தான்.

உங்களை யாராவது அப்படி ஓர் இரவுக்கு அழைத்தால் தாராளமாகப் போங்கள். ஆனால் அந்த வீட்டின் கதையைக் கேட்காமல் போங்கள். கண்டதையும் கேட்டதையும் மற்றவர்களோடு பேசுவதற்கு முன், தனித்தனியே எழுதிவையுங்கள். உலையையும் குழாயையும் கூரையையும் முதலில் பாருங்கள். எதுவும் நிகழாத மணிக்கணக்கான நேரத்தையும் விடாமல் குறித்துவையுங்கள். அந்த 48 பேரில், ‘எதுவும் நடக்கவில்லை’ என்று நேர்மையாக எழுதிக்கொடுத்தவர்கள்தான் அந்த வீட்டைப் பற்றி நமக்கு அதிகமாகச் சொன்னவர்கள்.