முதலில் உட்கார்ந்து கணக்குப் பார்ப்பவர்



மூன்றாம் ஆண்டின் பொதுக்காலம் 23ஆம் ஞாயிறன்று லூக்கா நற்செய்தி 14ஆம் அதிகாரத்தை வாசிக்கிறோம். கோபுரம் கட்ட விரும்புகிறவர் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்குப் பார்க்க மாட்டாரா என்று ஆண்டவர் கேட்கிறார். அவர் பேசுவது சீடராயிருப்பதன் விலையைப் பற்றி. ஆனால் உவமைக்கு எடுத்துக்கொண்டது ஒரு சாதாரண மனிதரின் வரவுசெலவு. எனவே நாமும் இன்று ஒரு சிறு தொழிலின் கணக்கை எடுத்துக்கொள்வோம்.

வேலை தேடிச் சலித்த நம் பிள்ளைகள் பலர் தொடங்க நினைக்கும் தொழில் ஸ்கிரீன் பிரிண்டிங். பெரிய இயந்திரம் வேண்டாம். ஒரு சட்டம், அதில் இழுத்துக் கட்டிய நைலான் துணி, மையை இழுக்க ரப்பர் பட்டை வைத்த ஸ்குயிஜி, அச்சடித்ததைக் காயவைக்க ஒரு ரேக், இவ்வளவு இருந்தால் போதும். துணியின் மேல் பூச்சைத் தடவி, எழுத்துகள் உள்ள பிரதியை வைத்து வெளிச்சம் காட்டுவார்கள். வெளிச்சம் பட்ட இடம் இறுகிவிடும். எழுத்து மறைத்த இடம் இளகியே இருந்து தண்ணீரில் கரைந்து போகும். அந்த வழியாகத்தான் மை இறங்குகிறது. (ஒளியை வைத்து ஓர் உவமை சொல்லப் போகிறேன் என்று நினைக்காதீர்கள். தொழிலைத் தொழிலாகவே பார்ப்போம்.)

கணக்கு தவறுவது இங்கேதான். 300 திருமண அழைப்பிதழ் என்றதும் புதிதாக வந்தவர் அட்டை விலையையும் மை விலையையும் கூட்டி ஒரு தொகை சொல்லிவிடுகிறார். மேலட்டை, உள்பக்கம், உறை என்று மூன்று சட்டம் வேண்டும். 900 முறை கை இழுக்க வேண்டும். உள்பக்கத்தில் இன்னொரு நிறம் கேட்டால் 1200. ஒவ்வொரு நிறமும் காய்ந்த பிறகே அடுத்தது. நடுவில் கை நின்றால் துணியின் கண்களில் மை காய்ந்து எழுத்து அடைத்துக்கொள்ளும். கெட்டுப்போகும் அட்டைகளுக்கும் கணக்கு உண்டு, அறை வாடகை உண்டு. இவற்றையெல்லாம் சேர்த்தவர்கள்கூடத் தம் சொந்த உழைப்புக்குக் கூலி போட மறந்துவிடுகிறார்கள். பிறகு, "நம்ம வீட்டுக் கல்யாணம்தானே தம்பி" என்று சித்தப்பா வருவார். பாசத்துக்காக விலையைக் குறைக்கலாம், தவறில்லை. குறைத்தது எவ்வளவு என்பது மட்டும் நோட்டில் இருக்கட்டும்.

அழைப்பிதழில் தேதி அச்சாகியிருக்கிறது. திருமணம் முடிந்த மறுநாள் கொண்டுபோய்க் கொடுத்தால் அது வெறும் காகிதம். ஆகவே முன்பணம் வாங்கும்போதே ஒரு குடும்பத்தின் மானத்தையும் கையில் வாங்குகிறார். முடிக்க முடியாத ஆர்டரை மறுக்கத் தெரிந்தவரே இந்தத் தொழிலில் நிலைக்கிறார். அச்சேறும் முன் மாதிரிப் பிரதியைப் பெண் வீட்டார், மாப்பிள்ளை வீட்டார் இருவரிடமும் காட்டிக் கையெழுத்து வாங்குவதும் அப்படித்தான். மறைந்த தாத்தாவின் பெயருக்கு முன்னால் 'காலஞ்சென்ற' விடுபட்டால் அந்த மனத்தாங்கல் லேசில் ஆறாது.

அடுத்து, உதவிக்கு நிற்கும் பையன். ரேக்கில் அட்டை அடுக்குவதும் சட்டம் கழுவுவதும் அவன்தான். "தொழில் கத்துக்கிறான், சம்பளம் எதுக்கு?" என்று சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். கூலியாளின் கூலி விடியும்வரை உன்னிடம் தங்கக்கூடாது என்கிறது லேவியர் நூல். பிடித்துவைத்த கூலி கூக்குரலிடுகிறது என்கிறார் யாக்கோபு. 1891இல் திருத்தந்தை 13ஆம் லியோ வெளியிட்ட 'ரேரும் நோவாரும்' சுற்றுமடல் இன்னும் ஒரு படி மேலே போகிறது: தொழிலாளி சம்மதித்துவிட்டார் என்பதாலேயே அது நியாயக் கூலி ஆகிவிடாது, அவர் பிழைக்க அது போதுமானதாக இருக்க வேண்டும். இதைப் பெரிய ஆலைகளுக்குச் சொன்னது என்று ஒதுக்க முடியாது. ஓர் அறை, ஒரு பையன் என்றாலும் அதுதான்.

சட்டம் கழுவிய தண்ணீர் எங்கே போகிறது என்பதையும் பார்க்க வேண்டும். சில பூச்சுகளில் குரோமிய உப்பு சேர்கிறது, அது நஞ்சு. சாயக்கழிவு நொய்யலைக் கெடுத்ததால் 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூரின் சாய, சலவைப் பட்டறைகளை மூட ஆணையிட்டது நினைவிருக்கும். அப்போது வேலை இழந்து நின்றவர்களில் கூலிக்கு வந்தவர்கள் ஆயிரக்கணக்கானோர்.

கடைசியாக நம் பங்குப் பேரவைகளுக்கு ஒன்று. திருவிழா வந்தால் நோட்டீஸ், நன்கொடை ரசீது, பீடச்சிறுவருக்கு டி-ஷர்ட் என்று நாமும் இந்தத் தம்பியிடம்தான் போகிறோம். "கோயில் வேலைதானே, பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று சொல்பவர்கள் எல்லாப் பங்கிலும் இருக்கிறார்கள். கொடிமரம், மின்விளக்கு, பந்தல் எல்லாவற்றுக்கும் முன்பணம் தருகிறோம். அச்சடித்தவர் மட்டும் திருவிழா முடிந்து மூன்று மாதம் பங்கு அலுவலக வாசலில் நிற்க வேண்டுமா? நன்கொடையாகச் செய்துதர அவர் விரும்பினால் அவரே சொல்லட்டும். நாம் அதை அவர் வாயிலிருந்து பிடுங்கக்கூடாது. இந்த ஆண்டு நோட்டீஸ் வாங்கப் போகிறவர் கையில் பணத்தையும் கொடுத்தனுப்புங்கள், ரசீதையும் கேட்டு வாங்குங்கள்.