வெள்ளத்தின் பின் அணை



வெள்ளம் வருமுன் அணை கோலவேண்டும் என்பர் முன்னோர். வெள்ளம் வடிந்த பின்னரும் ஐந்து நாள் அணை கட்டுவோனை என்னென்பது? வாயிலும் தாடையிலும் முகத்திலும் செய்யப்படும் சத்திரசிகிச்சைகளில் இத்தகைய அணைகட்டுதல் பல நாடுகளில் நிகழ்கின்றது.

வாய் கிருமிகளின் உறைவிடம். ஆகவே, வாயினூடாகத் தாடையெலும்பை அறுக்கும்போது, புண்ணிற் கிருமி பற்றாதிருக்கப் பெனிசிலின் போன்ற மருந்தை முற்கூட்டியே கொடுப்பது தக்கதே. ஆயின், எப்போது கொடுப்பது? 1961 ஆம் ஆண்டில் ஜோன் பேர்க் என்னும் அமெரிக்கச் சத்திரவைத்தியர் இதனைக் கினிப்பன்றிகளிற் சோதித்தார். கிருமி புகுமுன் உடலில் இருந்த மருந்தே நன்கு காத்தது. மூன்று மணி நேரங் கழித்துக் கொடுத்தது பயன்படவில்லை. 2016 இல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட வழிகாட்டலும், மருந்து தேவையானவிடத்துக் கத்தி படுவதற்கு முந்திய இரண்டு மணி நேரத்துள் கொடுக்குமாறும், சிகிச்சை முடிந்தபின் நீடிக்க வேண்டாமென்றும் கூறுகின்றது.

விதி தெளிவானது, வழக்கமோ வேறு. ஐந்து நாள், ஏழு நாள் எனக் குளிசைகள் வழங்கப்படுகின்றன. கற்றறிந்த வைத்தியரும் விதியை மீறுவதேன்? பெரும்பாலும் அச்சத்தினாலேயே. மருந்து கொடாத ஒருவருக்குச் சீழ் கட்டினால் பழி அவர்மேல் விழும். வீணே உண்டவர்களை எவரும் எண்ணுவதில்லை. புதைந்த ஞானப்பல்லை எடுக்கையில், ஒருவரைக் கிருமியினின்று காக்க ஏறக்குறைய 19 பேர் மருந்துண்ணவேண்டும் என 2021 இல் வெளிவந்த கொக்கிரேன் ஆய்வுத்தொகுப்புக் கணித்தது. எஞ்சிய 18 பேருக்கு அதனால் அந்தப் பயன் இல்லை.

பழி வைத்தியரை மட்டும் சார்ந்ததன்று. சில காலத்திற்கு முன் என் ஞானப்பல்லை எடுத்த வைத்தியர், "அதிபர் அவர்களே, இனி உங்களுக்கு மருந்து தேவையில்லை" என்றார். முப்பது ஆண்டுகளாக மாணவர்க்கு ஒழுங்கு கற்பித்த நானோ, "எதற்கும் நாலு குளிசை தாருங்கள்" என்று வற்புறுத்தினேன். அவரும் இணங்கினார். அன்று விதியை மீறியவர் அவரா, நானா?

பெனிசிலினைக் கண்டறிந்த அலெக்சாந்தர் பிளெமிங், 1945 இல் நோபெற் பரிசு பெற்றபோதே எச்சரித்தார்: போதாத அளவில் மருந்துண்டால் கிருமிகள் அதனை எதிர்க்கப் பழகிவிடும். தேவையின்றி உண்பதாலும் அக்கேடே விளையும். இன்று நான் வீணாக்கிய மருந்து, நாளை நியுமோனியாக் காய்ச்சலிற் கிடக்கும் குழந்தைக்குப் பயன்படாது போகலாம்.

இதயவால்வு நோயுள்ளோர் சிலருக்குப் பல் எடுக்குமுன் மருந்து அவசியம். முன்னரே கிருமி பற்றியோர்க்கும் வைத்தியர் சொன்னபடி மருந்து வேண்டும். அவர்கள் தாமாக அதனை நிறுத்தலாகாது. ஏனையோர், "இது எதற்கு? எத்தனை நாளுக்கு?" என்று பணிவுடன் கேட்போமாக. "வேண்டாம்" என்று வைத்தியர் கூறின், அவரை அவ்விதியில் நிற்க விடுவோமாக.