மூன்றடி மண்ணும் பத்து சென்ட்டும்



ஓணம் என்றதும் அத்தப்பூக்கோலமும் சத்யா விருந்தும் நினைவுக்கு வரும். ஆனால் அதன் கதை ஒரு நிலப்பறிப்புக் கதை. எல்லோரையும் சமமாக நடத்திய அசுர மன்னன் மாவலியிடம் ஒரு பார்ப்பனச் சிறுவன் வந்து மூன்றடி மண் கேட்கிறான். இரண்டடியில் மண்ணையும் விண்ணையும் அளந்துவிட்டு, மூன்றாம் அடியை மன்னன் தலையில் வைத்துப் பாதாளத்துக்கு அழுத்துகிறான்.

1873இல் வெளியான 'குலாம்கிரி'யில் மகாத்மா பூலே இந்தக் கதையைப் புரட்டிப் போட்டார். பலியை உழைக்கும் மக்களின் அரசனாகவும் வாமனனை வந்தேறிப் பார்ப்பனனாகவும் வாசித்தார். கேரளத்தில் சகோதரன் அய்யப்பன் மாவலிப் பாட்டைச் சாதி எதிர்ப்புப் பாட்டாகத் திருத்தி எழுதினார். 1917இல் செறாயியில் ஈழவரையும் புலையரையும் ஒரே பந்தியில் உட்கார வைத்தவர் அவர். அதற்காகவே 'புலையன் அய்யப்பன்' என்று ஏசப்பட்டார்.

2016இல் அப்போதைய பாஜக தலைவர் அமித் ஷா, ஓணத்தையொட்டி வாமன ஜெயந்தி வாழ்த்துச் சொன்னபோது மலையாளிகள் கொதித்தெழுந்தார்கள். மாவலியை விட்டுக்கொடுக்கவில்லை. மகிழ்ச்சிதான். மாவலி இழந்த மண் என்ன ஆனது என்பதே என் கேள்வி.

இது அறுவடைத் திருவிழா. அந்தக் காலத்தில் குத்தகைதாரர் வாழைக்குலையைக் காணிக்கையாக ஜன்மியின் வீட்டுக்குக் கொண்டுபோவார். ஓணப்புடவை வாங்கி வருவார். நாற்று நட்டு, கதிர் அறுத்த புலையரும் பறையரும் தீண்டாமைத் தூரத்தில் நின்றார்கள்.

1970இல் நிலச்சீர்திருத்தம் நடைமுறைக்கு வந்து ஜன்மி முறை ஒழிந்தது. அது பெரிய சாதனை, மறுக்கவில்லை. ஆனால் நிலம் குத்தகைதாரருக்குப் போனது. தலித்துகளில் பெரும்பாலோர் குத்தகைதாரர் அல்லர், கூலிகள். அவர்களுக்குக் கிடைத்தது குடியிருந்த குடிசையும், கிராமத்தில் அதிகபட்சம் 10 சென்ட் மனையும். தலைமுறைகளாக உழைத்த வயல் கிடைக்கவில்லை. பிறகு வந்த காலனிகளில் இடம் இன்னும் சுருங்கியது. இறந்தவரைப் புதைக்க இடமில்லாமல் அடுக்களைத் தரையைத் தோண்டிய குடும்பங்கள் உண்டு.

நிலம் கேட்டவர்களுக்கு என்ன கிடைத்தது? 2003இல் முத்தங்காவில் ஆதிவாசிகள்மீது துப்பாக்கிச் சூடு. 2007இல் செங்கறைத் தோட்டத்தில் குடிசை போட்ட தலித்துகளுக்கு 'ஆக்கிரமிப்பாளர்' என்ற பட்டம்.

தோழர்களே, ஓணம் கொண்டாடுங்கள். மாவலி ஆண்டுக்கொரு முறை தன் மக்களைப் பார்க்க வருகிறார் என்பது நம்பிக்கை. காலனிக்கு வந்தால் அவர் உட்கார ஒரு திண்ணைக்கு இடமிருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். சமத்துவம் நிலத்திலிருந்து தொடங்கட்டும்.