வரிச் சலுகையும் பள்ளிக் கணக்கும்

இத்துறையில் என்னைவிட மூத்தவர்கள் முன்வரிசையில் இருக்க, இந்தக் கருத்தரங்கின் தலைமை இருக்கையை எனக்கு அளித்திருக்கிறீர்கள். பெருமையாக இருக்கிறது, கொஞ்சம் பதற்றமாகவும் இருக்கிறது. எழுபது கொண்டை ஊசி வளைவுகள் ஏறி இந்த மலைக்கு வந்த உங்களுக்கும், இடம் தந்த திண்ணனூர் நாட்டு மக்களுக்கும் நன்றி.

'உள்ளாட்சி வரியும் பள்ளிக் கல்வியும்' என்ற பொதுத் தலைப்பின் அடிப்படைகள் நீங்கள் அறிந்தவையே. தமிழ்நாடு அரசு 2018-இல் உயர்த்திய சொத்து வரியை 2019 நவம்பரில் நிறுத்திவைத்தது, 2022 உயர்வில் 600 சதுர அடிக்கு உட்பட்ட வீடுகளுக்குக் குறைந்த விகிதம் வைத்தது எல்லாம் அமர்வுகளில் பேசப்படும். 1978-இல் கலிபோர்னியா வீட்டு வரிக்கு உச்சவரம்பு கட்டியபின் பள்ளிச் செலவின் பெரும்பாரம் மாநில அரசின் தலையில் விழுந்த கதையையும் சொல்வீர்கள். அதைவிட நெருக்கமான சான்று நம்மிடமே இருக்கிறது என்பதுதான் என் வாதம்.

1920-ஆம் ஆண்டின் சென்னைத் தொடக்கக் கல்விச் சட்டத்தைச் சொல்கிறேன். உள்ளாட்சிகள் கல்வி வரி விதிக்கலாம், அதைத் தொடக்கக் கல்வி நிதி என்று தனிக் கணக்கில் வைக்க வேண்டும் என்றது அது. அதே ஆண்டில் பிட்டி தியாகராயர் தலைமையிலான சென்னை மாநகராட்சி, ஆயிரம் விளக்குப் பள்ளியில் மதிய உணவைத் தொடங்கியது. நாம் விழா எடுப்பது அதற்கு. 1925 ஏப்ரலில் அந்தச் சோறு நின்றதேன் என்று கேட்பவர் குறைவு. கல்வி நிதியிலிருந்து உணவுக்குச் செலவிட ஆங்கில அரசு இசையவில்லை. அதிகாரம் மேலே இருந்தது உண்மைதான். ஆனால் பள்ளிக்கென்று பெயர் எழுதிய பணம் ஒன்று இருந்ததால்தான் அதைப் பற்றி வழக்காடவாவது முடிந்தது.

வீட்டு வரியில் தரும் சலுகை பள்ளியையும் பாதிக்கும் என்பது என் கருத்து. சலுகையால் பள்ளிக்கு நட்டமில்லை, ஆசிரியர் சம்பளம் கருவூலத்திலிருந்து வருகிறதே என்று மதிப்பிற்குரிய நண்பர் ஒருவர் எனக்கு மறுப்பு எழுதினார். பாதி சரி. 1981 ஜூன் முதல் ஊராட்சி ஒன்றியப் பள்ளி ஆசிரியர்கள் அரசு ஊழியர்கள். சலுகையால் அவர்கள் சம்பளம் ஒரு பைசா குறையாது. ஆனால் பள்ளி என்பது சம்பளப் பட்டியல் மட்டுமா? குடிநீர்க் குழாயின் திருகு தேய்ந்து தண்ணீர் ஒழுகினால் தலைமையாசிரியர் போய் நிற்பது ஊராட்சி அலுவலகத்தில். கழிப்பறை கழுவ ஆள், பாதைக்கு விளக்கு எல்லாம் அந்த ஊராட்சியின் பொது நிதியை நம்பித்தான். அங்கே சுருங்கும் ரூபாய் எந்தக் கல்வி அறிக்கையிலும் பதிவாவதில்லை. நண்பர் தேடிய பேரேட்டில் நட்டம் இல்லாததற்குக் காரணம் இதுவே.

மிளகும் சாமையும் விற்று ஓட்டு வீடு கட்டியவரிடம் கூடுதல் வரி கேட்க நான் வரவில்லை. சலுகை வேண்டும். அதை அறிவிக்கும் அரசு, குறையும் தொகையை ஊராட்சிக்கு ஈடு செய்யவேண்டும். அதில் பள்ளிக்கான பங்கு தனிக் கணக்கில் ஏறவேண்டும். வீட்டு வரிக்கு இணை மானியம் தந்த மரபு இந்த மாநிலத்துக்குப் புதிதல்ல. மாலை அமர்வில் இதைத் தீர்மானமாகவே முன்மொழியப் போகிறேன். நண்பர் எதிர்த்துப் பேசவேண்டும் என்றே விரும்புகிறேன். கூடவே ஒரு மலை ஊராட்சியின் வரவு செலவுக் கணக்கையும் கொண்டுவாருங்கள், அதை வைத்தே பேசுவோம்.