காதும் நாக்கும்

(மாணவர் முகாம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



வேதம் ஓதுவதைச் சூத்திரன் காதால் கேட்டுவிட்டால் அந்தக் காதில் ஈயத்தையும் அரக்கையும் காய்ச்சி ஊற்ற வேண்டும் என்றும், அவன் வாயால் ஓதினால் நாக்கை அறுக்க வேண்டும் என்றும் கௌதம தர்ம சூத்திரம் விதிக்கிறது. நம்ம மேடைகளில் இதை ஆயிரம் தடவை சொல்லியாச்சு. சூத்திரனுக்கே இந்தக் கதி என்றால் சேரிக்காரனுக்கு என்ன என்று கேட்டு, கைதட்டலும் வாங்கியாச்சு. இன்றைக்கு நான் பேசப்போவது நிஜக் காதும் நிஜ நாக்கும் பற்றி. அவற்றைப் பரிசோதிக்கிற, பயிற்றுவிக்கிற ஒரு படிப்பு இருக்கிறது. ஆடியாலஜி, ஸ்பீச் லாங்வேஜ் பெத்தாலஜி என்று பெயர். கேட்பியல், பேச்சு-மொழி நோயியல் என்று தமிழில் சொல்லலாம். டாக்டர், வக்கீல், எஞ்சினியர், போலீஸ் என்று நாம் போடுகிற பட்டியலில் இந்தப் படிப்பு வருவதே இல்லை. ஏன் வரவேண்டும் என்று சொல்கிறேன்.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்புப்படி இந்தியாவில் கேட்கும் திறன் குறைந்தவர்கள் சுமார் 50 இலட்சம் பேர். பேச்சுக் குறைபாடு உள்ளவர்கள் சுமார் 20 இலட்சம். இவர்களைப் பார்க்கத் தகுதிபெற்ற நிபுணர்களோ சில ஆயிரம்தான். அவர்களும் பெரும்பாலும் பெருநகரங்களில். திக்குவாய், அண்ணப்பிளவு, பக்கவாதம் வந்து பேச்சு போனவர்கள், தொண்டைப் புற்றுநோயில் குரல்வளையை எடுத்தவர்கள், ஆட்டிசம் உள்ள குழந்தைகள், பிறவியிலேயே காது கேளாத குழந்தைகள் என்று எல்லாருமே இந்தச் சில ஆயிரம் பேரைத்தான் தேடி வரவேண்டும்.

பிறந்த குழந்தைக்கு ஒரு மாதத்துக்குள் செவிப் பரிசோதனை, மூன்று மாதத்துக்குள் குறையை உறுதிசெய்தல், ஆறு மாதத்துக்குள் சிகிச்சைத் தொடக்கம். இதுதான் உலகம் முழுக்க ஒத்துக்கொண்ட கணக்கு. மூளை மொழியைப் பிடித்துக்கொள்கிற பருவம் காத்திருக்காது. நம்ம தெருவில் என்ன நடக்கிறது? "அவங்கப்பனும் லேட்டாத்தான் பேசினான்" என்று பாட்டி சொல்லும். மூன்று வயதில் பால்வாடி டீச்சர் சொல்லி, நாலு வயதில் ஆஸ்பத்திரிக்குப் போவார்கள். தமிழக அரசின் காப்பீட்டுத் திட்டத்தில் குழந்தைகளுக்குக் காக்ளியர் கருவி பொருத்தும் அறுவைச் சிகிச்சை உண்டு. நல்ல விசயம். ஆனால் கருவி பொருத்திய அன்றைக்கே குழந்தை பேசிவிடாது. அதற்குப் பிறகு மாதக்கணக்கில், வருசக்கணக்கில் கேட்டல் பயிற்சி வேண்டும். வாரத்துக்கு இரண்டு நாள் பஸ் ஏறினால் தாய்க்கு இரண்டு நாள் கூலி போச்சு. ஆறாவது வாரம் நின்றுவிடுவார்கள். கேஸ் ஷீட்டில் 'பெற்றோர் ஒத்துழைப்பு இல்லை' என்று எழுதிவிடுவார்கள். கூலியைப் பற்றி அந்த ஷீட்டில் ஒரு கட்டமும் இருக்காது.

அடுத்தது சத்தம். 85 டெசிபல் சத்தத்தில் எட்டு மணி நேரம் வரை இருக்கலாம் என்பது அமெரிக்கத் தொழில்நல ஆய்வு நிறுவனம் வகுத்த அளவு. ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகும். 88 என்றால் நாலு மணி நேரம். 100 என்றால் கால் மணி நேரம். தாளக் கருவிகளைக் கூட்டாக அடிக்கிற இடத்தில் 100 டெசிபல் சர்வசாதாரணம். சாவு வீட்டில் விடிய விடிய அடிக்கிற நம்ம பெரியப்பன், சித்தப்பன் காதுகளை நினைத்துப் பாருங்கள். சத்தத்தால் வரும் இழப்பு முதலில் 4000 ஹெர்ட்ஸ் பக்கத்தில் விழும். அதனால் ஆள் பேசுவது கேட்கும், சொல் பிடிபடாது. "கேக்குது, புரியலை" என்பார்கள். நாம் அதை வயசு என்போம், குடி என்போம். உள்காதில் செத்துப்போன மயிர்ச்செல் திரும்ப முளைக்காது. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையிலேயே, சத்தத்தால் வரும் காதுகேளாமை அறிவிக்கப்பட வேண்டிய நோய்களில் ஒன்றாக இருந்தது. ஆனால் சாவு வீடு தொழிற்சாலை இல்லை. பறையைக் கலை என்று மேடையேற்றியிருக்கிறோம், சரி. அந்தக் கலைஞனின் காதை யார் அளந்தோம்?

மூன்றாவது, எனக்கு ரொம்ப முக்கியமானது. எது 'சரியான' பேச்சு என்று தீர்மானிக்கிற அதிகாரம் இந்தத் துறையின் கையில் இருக்கிறது. 'பழம்' என்பதை ஒரு குழந்தை 'பளம்' என்கிறது. இன்னொன்று 'பயம்' என்கிறது. இது உச்சரிப்புக் கோளாறா, வீட்டு வழக்கா? வீட்டில் எல்லாரும் அப்படித்தான் பேசுகிறார்கள் என்றால் அது வழக்கு. கோளாறு இல்லை. அந்த வீட்டுப் பேச்சைக் காதால் கேட்டிராத ஒரு சோதனையாளர் அதைக் குறை என்று எழுதிவிட்டால் அந்தப் பிள்ளை நோயாளி ஆகிவிடுகிறது. அமெரிக்காவில் இது வழக்கு மன்றத்துக்கே போனது. மிச்சிகன் மாநிலத்தின் ஆன் ஆர்பர் நகரில், மார்ட்டின் லூதர் கிங் பெயரில் அமைந்த தொடக்கப் பள்ளியில், கறுப்பினக் குழந்தைகள் சிலரைக் கற்றல் குறைபாடு உள்ளவர்கள் என்று பள்ளி முத்திரை குத்தியது. தாய்மார்கள் வழக்குப் போட்டார்கள். பிள்ளைகளின் வீட்டு மொழியைக் கணக்கில் எடுத்துத்தான் வாசிக்கக் கற்றுத்தர வேண்டும் என்று 1979இல் தீர்ப்பு வந்தது. அதற்கு முந்தைய ஆண்டே, 1978இல், இந்தத் துறையிலிருந்த கறுப்பினத்தவர்கள் தங்களுக்கென்று தேசியச் சங்கம் கட்டியிருந்தார்கள். எந்தச் சமூக வழக்கும் நோய் ஆகாது என்று அமெரிக்கப் பேச்சு-மொழி-கேட்டல் சங்கம் 1983இல் அறிக்கையே வெளியிட்டது. உள்ளே நம்ம ஆள் இருந்தால்தான் இந்தக் கேள்வி எழும்.

சரி, எப்படிச் சேர்வது? பி.ஏ.எஸ்.எல்.பி. என்பது இளநிலைப் பட்டம். நாலு வருசம், அதில் கடைசி ஒரு வருசம் உள்ளகப் பயிற்சி. +2வில் இயற்பியல், வேதியியலோடு உயிரியலும் படித்தவர்களுக்கு எல்லாக் கதவும் திறக்கும். அதற்குமேல் எம்.எஸ்சி. இரண்டு வருசம். இதில் செவியியல் தனி, பேச்சு-மொழி தனி என்று பிரித்தும் நடத்துகிறார்கள். மைசூருவில் 1965இல் தொடங்கிய அகில இந்தியப் பேச்சு, கேட்டல் நிறுவனம் ஒன்றிய அரசின் சுகாதார அமைச்சகத்தின் கீழ் உள்ளது. அகில இந்திய நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். பட்டியல் சாதிக்கு 15 விழுக்காடு, பழங்குடிக்கு 7.5. உதவித்தொகையும் உண்டு. தமிழ்நாட்டில் துணைமருத்துவப் படிப்புகளோடு சேர்த்து, கீழ்ப்பாக்கத்தில் இருக்கிற மருத்துவக் கல்வித் தேர்வுக்குழு கலந்தாய்வு நடத்துகிறது. இங்கே பட்டியல் சாதிக்கு 18 விழுக்காடு. அதற்குள் 2009 சட்டப்படி அருந்ததியருக்கு 3. பழங்குடிக்கு 1.

இங்கே ஒரு பொறி இருக்கிறது, கவனமாகக் கேளுங்க. போஸ்ட் மெட்ரிக் கல்வி உதவித் திட்டம் 1944இல், அம்பேத்கர் வைஸ்ராயின் நிர்வாகக் குழுவில் இருந்த காலத்தில், தொடங்கியது. குடும்ப வருமானம் ஆண்டுக்கு 2.5 இலட்சத்துக்குள் இருந்தால் கட்டணம் திரும்ப வரும். ஆனால் 2018 விதிகள் நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்ந்தவர்களை வெளியே தள்ளின. ஏஜெண்டு வந்து "சீட்டு ரெடி, ஸ்காலர்ஷிப் வந்துரும்" என்பான். நம்பாதீங்க. கலந்தாய்வு வழியாகச் சேருங்க.

கடன் பற்றி, வங்கியில் எழுத்தராக உட்கார்ந்திருப்பவன் என்ற முறையில் சொல்கிறேன். கல்விக் கடனில் 4 இலட்சம் வரை அடமானம் கிடையாது. பெற்றோர் கையெழுத்துப் போதும். பத்திரம் கொண்டுவா என்று யாராவது கேட்டால் சண்டை வேண்டாம், எழுத்தில் கேளுங்க. எழுத்தில் தரமாட்டார்கள். பேச்சு அங்கேயே மாறிவிடும். பெற்றோர் வருமானம் 4.5 இலட்சத்துக்குள் இருந்து, அங்கீகாரம் பெற்ற நிறுவனத்தில் தொழிற்படிப்பு என்றால், படிக்கிற காலமும் அதற்குப் பிறகு ஒரு வருசமும் வட்டியை ஒன்றிய அரசு ஏற்கிறது. இதைக் கவுண்டரில் யாரும் தானாகச் சொல்வதில்லை.

சேர்வது பாதிதான். முடிப்பதுதான் மீதி. என் அக்கா மகள் இந்தப் படிப்புப் படித்தாள். எங்க தெருவிலிருந்து முதல் ஆள். முதல் வருசம் உடற்கூறு, ஒலியின் இயற்பியல், மொழியியல், உளவியல். எல்லாம் இங்கிலீசில். இரண்டு அரியர். அது பெரிய விசயமில்லை. மருத்துவப் பயிற்சியில் ஒருநாள், நோயாளியின் தாய் முன்னாலேயே, "நீ முதல்ல ஒழுங்காப் பேசக் கத்துக்கோ, அப்புறம் அடுத்தவங்களுக்குக் கத்துக்குடு" என்று பாடம் நடத்துகிறவர் சொல்லியிருக்கிறார். அவளுக்கு 'ழ' வராது. எங்க யாருக்குமே வராது. அன்றைக்கு ராத்திரி போன் போட்டு, "மாமா, நான் வந்துடுறேன்" என்றாள். அவளை நிறுத்தி வைத்தது என் அறிவுரை இல்லை. விடுதியில் இருந்த இரண்டு சீனியர் பிள்ளைகள். ஒன்று நம்ம பிள்ளை, ஒன்று இருளர் பிள்ளை. அந்த 1983 அறிக்கையை எடுத்துக் கையில் கொடுத்து, "இது நம்ம சிலபஸ்லயே இருக்கு, படி" என்றார்கள். படித்தாள். தங்கள் நோட்டுகளைக் கொடுத்தார்கள். அரியர் போனது.

முதுநிலையில் ஆய்வேடு எழுத வேண்டும். அவள் எடுத்துக்கொண்ட விசயத்தைக் கேளுங்க. காது பரிசோதனையில் ஒரு சோதனை உண்டு. ஹெட்போனில் சொற்களைச் சொல்வார்கள், கேட்டவர் திருப்பிச் சொல்ல வேண்டும். எத்தனை சரி என்று விழுக்காடு போடுவார்கள். அவள் பயிற்சி எடுத்த இடத்திலிருந்த பட்டியல் புத்தகத் தமிழில் இருந்தது. நாற்று நடுகிற கிழவி அந்தச் சொல்லைத் தன் வாழ்நாளில் கேட்டதே இல்லை. பாதியைத் திருப்பிச் சொல்ல முடியவில்லை. காது மந்தம் என்று மதிப்பெண் குறைந்தது. குறை காதிலா, பட்டியலிலா? நம்ம சனங்க தினமும் புழங்குகிற சொற்களை வைத்துப் பட்டியல் போட்டு, இரண்டையும் ஒப்பிட்டாள். வழிகாட்டி முதலில் முகம் சுளித்தார், பிறகு ஒத்துக்கொண்டார். பட்டம் வந்தது. இந்திய மறுவாழ்வுக் குழுமத்தில் பதிவு செய்தாள். 1992 சட்டப்படி அந்தப் பதிவு இல்லாமல் இந்தத் தொழில் செய்தால் ஒரு வருசம்வரை சிறை. இப்போது மாவட்ட ஆரம்பகட்ட இடையீட்டு மய்யம் ஒன்றில் வேலை. 2013இல் வந்த சிறார் நலத் திட்டத்தின் கீழ் மாவட்டந்தோறும் வந்த மய்யங்கள் அவை. பஸ் நேரம் பார்த்துத்தான் தாய்மார்களுக்கு நேரம் கொடுக்கிறாள்.

இந்தத் துறையைப் புனிதம் ஆக்கவும் நான் வரவில்லை. அதற்குள்ளும் ஒரு வருணாசிரமம் உண்டு. 1880இல் மிலான் நகரில் கூடிய கல்வியாளர்கள், காது கேளாதோர் பள்ளிகளில் சைகை மொழி கூடாது, வாய்ப்பேச்சே மேல் என்று தீர்மானம் போட்டார்கள். நூறு வருசத்துக்கு மேல் பிள்ளைகளின் கைகளைக் கட்டிப்போட்ட தீர்மானம் அது. சைகை மொழியும் முழுமையான மொழிதான். இந்திய சைகை மொழிக்கு ஒரு தேசிய ஆய்வு, பயிற்சி மய்யம் 2015இல்தான் டெல்லியில் வந்தது. ஒரு பேச்சை உயர்ந்தது என்று ஆக்கி இன்னொன்றை அழிப்பது என்ன என்று நமக்குத் தெரியாதா? இந்தப் படிப்புக்குப் போகிற நம்ம பிள்ளைகள் சைகை மொழியும் கற்க வேண்டும்.

நம்ம மேடைக்கும் ஒரு வார்த்தை. பாபாசாகேப் 1920இல் தொடங்கிய பத்திரிகைக்கு 'மூக்நாயக்' என்று பெயர். வாயற்றவர்களின் தலைவன். பேச விடாமல் செய்யப்பட்டவர்களை அவர் அப்படிச் சொன்னார். நாமோ 'செவிட்டு அரசே', 'ஊமைச் சமூகமே' என்று வசையாக முழங்குகிறோம். காது கேளாத ஒரு தலித் பெண் இந்தக் கூட்டத்தில் உட்கார்ந்திருந்தால் அவளுக்கு நாம் என்ன சொல்கிறோம்? அரசுக்குக் காது நன்றாகவே கேட்கிறது. கேட்டும் செய்யவில்லை என்பதுதான் குற்றச்சாட்டு. அதையே சொல்லுவோம்.

செய்ய வேண்டியது அதிகமில்லை. ஒவ்வொரு படிப்பகமும் +2 அறிவியல் படிக்கிற நம்ம பிள்ளைகளின் பட்டியலைப் பொங்கலுக்கு முன்னால் எடுக்கட்டும். சாதிச் சான்று, வருமானச் சான்று, வங்கிக் கணக்கு மூன்றையும் தேர்வு முடிவு வருவதற்குள் தயார் செய்யட்டும். படித்து முடித்தவர்கள் படிக்கிறவர்களுக்கு நோட்டுக் கொடுக்கட்டும். அடுத்த கலை இரவுக்கு முன்னால் பறைக் கலைஞர்கள் எல்லாருக்கும் காது பரிசோதனை ஒன்று நடத்துவோம், ஆளுக்கு ஒரு ஜோடி காதடைப்பானும் வாங்கித் தருவோம்.

பேச்சை முடித்துக்கொள்கிறேன். கேள்வி இருக்கிறவர்கள் கேளுங்க. விண்ணப்பம் போட நினைக்கிறவர்கள் சாப்பாட்டுக்கு அப்புறம் மதிப்பெண் பட்டியலோடு பின்பக்க அறைக்கு வாங்க. உட்கார்ந்து எழுதுவோம்.