எத்தனை கட்டுரை?

திருப்பூரில் என் அடுத்த வீட்டுக்காரர் ஒரு பனியன் கம்பெனியில் ஓவர்லாக் மிஷின் ஓட்டுபவர்; பீஸ் ரேட் தொழிலாளி. தைத்த டஜன்களைச் சிறு நோட்டில் குறித்து வைத்து, சனிக்கிழமை மாலை அதைக் காட்டிக் கூலி பெறுவார். அவருடைய மகள் உயிரணு ஆராய்ச்சியில் டாக்டர் பட்டம் பெற்றவள். சென்ற ஆண்டு ஒரு வேலைக்கு நேர்முகத் தேர்வுக்குப் போனாள். கட்டுரைகள் மூன்றுதான், மேற்கோள்களும் சொற்பம் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அன்றிரவு அவர் என்னிடம் வந்து, "வாத்தியாரய்யா, அங்கேயும் டஜன் கணக்குத்தானுங்களா?" என்று கேட்டார். முப்பது ஆண்டுகள் தாவரவியல் கற்பித்த எனக்கு உடனே விடை சொல்ல நா எழவில்லை.

நேயர்களே, ஒருவர் எழுதிய கட்டுரையைப் பின்வந்தோர் எத்தனை முறை எடுத்துக்காட்டினர் என்பதே மேற்கோள் கணக்கு. இதை அட்டவணையாகத் தொகுக்கலாம் என்று யூஜீன் கார்ஃபீல்டு என்ற அமெரிக்கர் 1955-இல் 'சயன்ஸ்' இதழில் எழுதினார். ஒரு கருத்து எங்கிருந்து எங்கே சென்றது என்று தேடுவோருக்கு வழிகாட்டுவதே அதன் நோக்கம். ஆளை நிறுக்கும் தராசாக அது மாறியது பின்னால் நேர்ந்தது. 2005-இல் ஹிர்ஷ் என்ற பௌதிக அறிஞர் எல்லாவற்றையும் ஒரே எண்ணில் அடக்கினார். பத்துக் கட்டுரைகள் ஒவ்வொன்றும் பத்து முறைக்குக் குறையாமல் மேற்கோள் பெற்றிருந்தால் அவருடைய எண் பத்து. மூன்றே கட்டுரை எழுதியவர், அவை உலகையே புரட்டிப் போட்டாலும், மூன்றுக்கு மேல் ஏற முடியாது!

நமக்கு அண்மையில், கோயம்புத்தூரிலேயே ஓர் உதாரணம் உண்டு. 1930-களில் அங்குள்ள கரும்பு ஆராய்ச்சி நிலையத்தில் பணியாற்றினார் இ. கே. ஜானகி அம்மாள். 1897-இல் தலைச்சேரியில் பிறந்து, சென்னையில் பயின்று, 1931-இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டம் பெற்றவர். உயிரணுக்குள் இருக்கும் குரோமோசோம்களை எண்ணுவது அவர் தொழில். சாயமேற்றி, உருப்பெருக்கியில் கண்ணை வைத்து, நூல் துணுக்குகளைப் போல் ஒன்றன்மேல் ஒன்று கிடப்பவற்றைப் பிரித்துப் பிரித்து எண்ண வேண்டும். காட்டுக் கரும்பில் அவற்றின் எண்ணிக்கை செடிக்குச் செடி 40 முதல் 128 வரை மாறும். அவசரக்காரருக்கு ஆகாத வேலை அது.

1945-இல் டார்லிங்டனுடன் சேர்ந்து, பயிர்த் தாவரங்களின் குரோமோசோம் எண்களைத் தொகுத்து ஒரு பெருநூல் வெளியிட்டார். தாவர ஆராய்ச்சியாளர் கைவிடாத நூல். ஆனால் 1955-இல் வந்த விரிவான பதிப்பின் முகப்பில் டார்லிங்டன், வைலி என்ற பெயர்களே இருந்தன. 1960-களில் வெளிவரத் தொடங்கிய மேற்கோள் அட்டவணையிலோ, மேற்கோள்கள் முதலாசிரியர் பெயரின் கீழேதான் அடுக்கப்பட்டன. இரண்டாவதாக நின்ற அம்மையாரை அங்கே தேடினால் கிடைக்கமாட்டார். இன்னொரு வேடிக்கை: 'அம்மாள்' என்ற மரியாதைச் சொல்லையே குடும்பப் பெயராகக் கொண்டு சிலர் அவரை 'அ' வரிசையில் வைத்தார்கள், சிலர் 'ஜா' வரிசையில்.

கணக்கே வேண்டாம் என்பது என் கட்சியன்று. பனியன் கம்பெனியில் டஜனை எண்ணுகிறார்கள். ஆனால் செக்கிங் மேஜையில் ஒவ்வொரு பீஸையும் உள்புறம் திருப்பித் தையலையும் பார்க்கிறார்கள். தேர்வுக் குழுக்களில் இந்த இரண்டாவது மேஜையைத்தான் காணோம். அமெரிக்க உயிரணுவியல் சங்கம் 2012-இல் சான் பிரான்சிஸ்கோவில் கூடியபோது உருவான பிரகடனமும் ஏறத்தாழ இதையே கேட்டது: இதழின் எண்ணைக் கொண்டு கட்டுரையை மதிக்காதீர்கள், கட்டுரையைப் படியுங்கள் என்று.

மறுநாள் அந்தப் பெண்ணும் நானும் கணிப்பொறி முன் அமர்ந்தோம். இரண்டு கட்டுரைகளில் தன் பெயருக்கு முன் தந்தையின் முதலெழுத்தைப் போட்டிருந்தாள். மூன்றாவதில், இதழ் கேட்டதற்காகத் தந்தையின் முழுப்பெயரைக் கடைசியில் சேர்த்திருந்தாள். அதிக மேற்கோள் பெற்றது அதுதான். அட்டவணையில் அது வேறொருவர் பெயரில் நின்றது. ஆராய்ச்சியாளருக்குப் பதினாறு இலக்க அடையாள எண் வழங்கும் ஏற்பாடு 2012 முதல் உண்டு. அதைப் பெற்று மூன்றையும் ஒன்றாக்கினோம்.

செய்தியைக் கேட்ட தந்தை சற்று யோசித்தார். "அப்போ இத்தனை நாளா ஒரு கட்டுரை என் கணக்குல நின்னுதுங்களா?" என்று சிரித்துக்கொண்டே இரவு ஷிஃப்டுக்குக் கிளம்பினார்.