வடசென்னையில் ஒரு பந்தாட்டக்காரரின் பணிக்காலம்

பிற தொழில்களில் ஒருவர் வேலை கற்றுத் தேறும் வயதிலேயே விளையாட்டைத் தொழிலாகக் கொண்டவரின் பணிக்காலம் முடிந்துவிடுகிறது. ஆகவே அவர் எத்தனை ஆண்டுகள் ஆடினார் என்று கேட்பதோடு, ஆட்டம் நின்ற பிறகு அவர் வீட்டில் உலை எதைக்கொண்டு கொதிக்கிறது என்றும் கேட்டாலொழிய, அத்தொழிலின் இயல்பு விளங்காது. வடசென்னையின் கால்பந்து வரலாற்றை இந்த இரண்டாம் கேள்வியோடு அணுகும்போது, கோப்பைகளின் பட்டியலில் காணக் கிடைக்காத பல செய்திகள் தெரியவருகின்றன.

ஒப்பீட்டுக்காக முதலில் அமெரிக்காவைப் பார்க்கலாம். அங்குக் கால்பந்து என்று அழைக்கப்படுவது, பெரும்பாலும் கையால் எறிந்தும் ஏந்தியும் ஆடப்படும் ஆட்டமாகும். அதில் களத்தின் ஓரத்தில் நின்று, ஆட்டம் தொடங்கிய கணத்தில் தன்னைத் தடுப்பவரை ஏமாற்றி விரைந்தோடி, குவார்ட்டர்பேக் என்னும் ஆட்ட நடத்துநர் எறியும் நீள்வடிவப் பந்தைப் பிடிப்பவர் வைடு ரிசீவர் எனப்படுகிறார். மிசிசிப்பி மாநிலத்தில் கொத்தனார் ஒருவரின் மகனாகப் பிறந்து, அண்ணன் தம்பிகள் எறிந்த செங்கற்களைப் பிடித்துக் கைகளைப் பழக்கிக்கொண்டவரான ஜெர்ரி ரைஸ், 1985 முதல் 2004 வரை இருபது பருவங்கள் ஆடி, பந்தைப் பிடித்து 22,895 கெஜ தூரம் முன்னேறினார் என்பது இத்துறையின் பெருஞ்சாதனை. ஆனால் அவர் விதிவிலக்கு. அங்குள்ள தேசிய லீகில் ஒரு வீரரின் சராசரிப் பணிக்காலம் மூன்று ஆண்டுகளைச் சற்றே தாண்டும் என்று வீரர் சங்கம் கூறிவர, லீக் நிர்வாகமோ தொடக்கப் பட்டியலில் இடம்பெற்ற புதுமுக வீரர்களை மட்டும் கணக்கிட்டு அதனை ஏறத்தாழ இரட்டிப்பாகக் காட்டுகிறது. யாரைக் கணக்கில் சேர்க்கிறோம் என்பதைப் பொறுத்து எண் மாறும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று தேவையில்லை. எண் எதுவாயினும், மூன்று பருவங்களை முறைப்படி நிறைவு செய்தவருக்கு ஓய்வூதிய உரிமை உண்டு என்பதைச் சங்கம் ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்கியிருக்கிறது.

நாம் கால்பந்து என்று சொல்லும் ஆட்டத்தில் அந்த ஓரக்காரருக்கு நெருங்கிய உறவினர் விங்கர், அதாவது பக்கக்கோட்டை ஒட்டி ஓடித் தற்காப்பாளரைக் கடந்து செல்பவர். அத்தகையோரையும் அவர்களுக்குப் பந்தை அனுப்பும் நடுக்கள வீரர்களையும் சென்னையில் தேடுவோர் பெரும்பாலும் வந்து சேரும் இடம், 1856இல் திறக்கப்பட்ட ராயபுரம் ரயில் நிலையத்துக்கும், 1955இல் உற்பத்தியைத் தொடங்கிய பெரம்பூர் இணைப்புப் பெட்டித் தொழிற்சாலைக்கும், திருவொற்றியூர், எண்ணூர்ச் சாலையின் வாகன, டயர் ஆலைகளுக்கும் இடைப்பட்ட உழைப்பாளர் பகுதியாகும். இப்பகுதியில் உள்ள வியாசர்பாடியைப் பத்திரிகைகள் குட்டி பிரேசில் என்று எழுதுகின்றன. அந்தப் பட்டம் ஊரைப் புகழ்வதுபோலத் தோன்றினாலும், அங்கு ஆட்டம் வளர்ந்த காரணத்தை அது மறைத்துவிடுகிறது என்றே சொல்ல வேண்டும்.

ரயில்வே, துறைமுகம், வங்கி, காவல்துறை முதலிய நிறுவனங்கள் சொந்த அணிகளை வைத்திருந்தன. அவ்வணிகளுக்கு ஆள் சேர்க்க விளையாட்டு ஒதுக்கீடு என்னும் வழி இருந்தது. தேர்வாட்டத்தில் தேறிய இளைஞர் எழுத்தராகவோ கலாசியாகவோ நியமிக்கப்பட்டு, காலையில் பயிற்சியும் பகலில் அலுவலகமும் மாலையில் லீக் ஆட்டமுமாக இருந்து, முழங்கால் தளர்ந்த பிறகும் அதே அலுவலகத்தில் பதவி உயர்வோடு ஓய்வுபெறும் வயது வரை பணியாற்ற முடிந்தது. பத்தாண்டு ஆட்டம் இவ்வாறு முப்பத்தைந்து ஆண்டுப் பணியாக நீண்டது. நாளைக்கு நாள் கூலி வாங்கும் குடும்பத்தில் பிள்ளை பந்து ஆடப் போவதை அம்மா பொறுத்துக்கொண்டதற்கு, பெரும்பாலும் கோட்டாவில் வேலை கிடைக்கும் என்ற நம்பிக்கையே காரணம். 1996இல் தேசியக் கால்பந்து லீக் தொடங்கியபோது தமிழ்நாட்டின் சார்பில் ஆடிய அணி இந்தியன் வங்கியின் அணி என்பதும், அதன் முன்கள வீரரான சையத் சபீர் பாஷா பின்னாளில் சென்னையின் எஃப்சி என்னும் கிளப்பின் உதவிப் பயிற்சியாளராக விளங்கியதும் இந்த மரபின் வலிமையைக் காட்டும். அதற்குக் குறையும் உண்டு: வேலை உறுதியான பிறகு ஆட்டத்தை மேலும் கூர்மையாக்க வேண்டிய நெருக்கடி குறைந்துபோயிற்று, அலுவலக அணிக்கு ஊரில் பெரிய ரசிகர் கூட்டமும் சேரவில்லை.

2014இல் இந்தியன் சூப்பர் லீக் வந்த பின், ஒப்பந்த ஆட்டம் வடசென்னை இளைஞர்க்கும் எட்டும் தொழிலாயிற்று. ஒப்பந்தம் என்பது ஒன்று முதல் மூன்று ஆண்டுகள் வரையான ஊதிய உடன்பாடு. அது முடியும் நாளில் கிளப்புக்கும் வீரருக்கும் உள்ள உறவும் முடிந்துவிடும். வியாசர்பாடியைச் சேர்ந்த தனபால் கணேஷ் புனே எஃப்சியில் ஆடிப் பெயர் பெற்று, சென்னையின் எஃப்சியின் நடுக்களத்துக்கு வந்தார். 2018 மார்ச்சில் கோவா அணிக்கு எதிரான இரண்டாம் கட்ட அரையிறுதியில் ஒரு கோல் அடித்த அவர், அடுத்து பெங்களூருவில் நடந்த இறுதியாட்டத்தில் தொடக்கம் முதலே களமிறங்க, சென்னை 3-2 என வென்று கோப்பையைக் கைப்பற்றியது. வீட்டிலிருந்து சில கிலோமீட்டர் தொலைவில் உள்ள நேரு விளையாட்டரங்கில் ஆயிரக்கணக்கானோர் முன் அடித்த அரையிறுதிக் கோல், அலுவலக லீகின் பல பருவங்களுக்குச் சமமானது என்று கருதுவோர் உண்டு. அதில் நியாயமும் உண்டு. ஆனால் அதே ஆண்டில் முழங்கால் காயம் அவரை நீண்ட காலம் களத்துக்கு வெளியே நிறுத்தியது. அவர் இல்லாத அந்தப் பருவத்தில், நடப்புச் சாம்பியனான சென்னை அட்டவணையின் கடைசி இடத்துக்கு இறங்கியது.

சென்னையில் 1995இல் பிறந்த விங்கர் நந்தகுமார் சேகரின் பாதை இதனின்றும் மாறுபட்டது. சென்னை சிட்டி எஃப்சி வழியாக டெல்லி டைனமோஸ் அணிக்குச் சென்று, அவ்வணி 2019இல் புவனேசுவரத்துக்கு இடம்பெயர்ந்து ஒடிசா எஃப்சி ஆனபோது தாமும் உடன் சென்று, 2023இல் கொல்கத்தாவின் ஈஸ்ட் பெங்காலில் சேர்ந்தார். அவ்வாண்டு ஆகஸ்ட் 12 அன்று டூரண்ட் கோப்பையில் மோகன் பகானுக்கு எதிராக ஓரத்திலிருந்து உள்நோக்கித் திரும்பி அவர் அடித்த ஒற்றைக் கோல், பரம எதிரியை நான்கரை ஆண்டுகளாக வெல்லாதிருந்த ஈஸ்ட் பெங்காலின் ஏக்கத்தைத் தீர்த்தது. 2024 ஜனவரி சூப்பர் கோப்பை இறுதியில், தம் பழைய அணியான ஒடிசாவுக்கு எதிராகவே சமன் கோல் அடித்தார். கூடுதல் நேரத்தில் 3-2 என வென்ற ஈஸ்ட் பெங்காலுக்குப் பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பின் ஒரு தேசியக் கோப்பை கிடைத்தது. சென்னைக்காரர் ஒருவர் கொல்கத்தா ரசிகர்களின் கொண்டாட்டத்துக்கு உரியவராவது, ஊரோடு கட்டிப்போட்ட அலுவலக ஆட்டத்தில் எளிதில் நடந்திருக்கக்கூடியதன்று.

எனினும் இவ்வேற்பாட்டின் அடித்தளம் எத்தனை மெல்லியது என்பதை 2025 வெளிப்படுத்தியது. லீகை நடத்திவந்த நிறுவனத்துக்கும் அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்புக்கும் இடையிலான ஒப்பந்தம் அவ்வாண்டு டிசம்பரில் முடியவிருந்த நிலையில், அடுத்த ஏற்பாடு உறுதியாகவில்லை என்று கூறி, ஜூலை மாதம் புதிய பருவம் நிறுத்திவைக்கப்பட்டது. ஆகஸ்டில் சென்னையின் எஃப்சி உள்ளிட்ட கிளப்புகள் முதன்மை அணியின் செயல்பாடுகளையோ ஊதியத்தையோ இடைநிறுத்துவதாக அறிவிக்க, ஆடுகளம் எப்போது திறக்கும் என்று தெரியாத வீரர்கள் ஒன்றுகூடி வெளிப்படையாக வேண்டுகோள் விடுத்தனர். அமெரிக்க வீரர் சங்கத்தைப்போல லீக் உரிமையாளர்களோடு எதிரே அமர்ந்து ஓய்வூதியம் வரை பேசி முடிக்கும் கூட்டு ஒப்பந்தம் இங்கில்லை. அரசுப் பணிகளில் விளையாட்டு வீரர்களுக்குத் தமிழ்நாடு அளிக்கும் மூன்று விழுக்காட்டு ஒதுக்கீடும், ரயில்வேயின் தேர்வாட்டங்களும் இன்றும் நடைமுறையில் இருப்பதால், லீகின் ஒப்பந்தத்தையும் அலுவலக நியமனத்தையும் எடைபோட்டுப் பார்க்கும் இருபது வயதுப் பையனின் கணக்கு, 1980களில் அவன் தெருவில் ஆடிய மூத்தவரின் கணக்கிலிருந்து பெரிதும் விலகிவிடவில்லை.